விசிலுக்குப் பிறகு ஓடிய வீடியோ

கையால் பந்தைப் பிடித்து, மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் அணிகள் எந்தக் கல்லூரி வீரரை எடுக்கலாம் என்று லண்டனில் இருந்தபடி வீடியோ பார்த்துச் சொல்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் கணிப்பில் எனக்குப் பெருமை அதிகம்.

அன்று பார்த்தவன் டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடுபவன். எதிராளியைத் தடுக்கவும் வேண்டும், பந்தைப் பிடிக்கவும் வேண்டும். பலமாக மோதி விழுந்தவன் உடனே எழுந்தான். "உறுதியானவன்" என்று எழுதினேன். வழக்கமாக ஆட்டத்தை நிறுத்தும் விசிலோடு வீடியோவை நிறுத்திவிடுவேன். அன்று மறந்துவிட்டேன். எழுந்தவன் எதிரணிக்காரர்களுக்கு நடுவில் போய் நின்றான். அவர்களில் ஒருவன்தான் தோளைப் பிடித்து அவன் அணிப் பக்கம் திருப்பிவிட்டான். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணை, தலையில அடிபட்டு, தன்ர அணி எதெண்டே இவனுக்குத் தெரியேல்லை."

"அதை எழுதினா ஒருத்தரும் எடுக்க மாட்டினம், பிள்ளை. அவன்ர பிழைப்பு போயிடும்," என்றார் மேலாளர்.

"எழுதாட்டி அவன்ர மூளை போயிடும், அண்ணை."

எழுதி அனுப்பினேன். அதற்கு முன் விசிலோடு வீடியோவை நிறுத்திவிட்டு நான் உறுதியானவர்கள் என்று எழுதிய மற்றவர்களை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.