பெய்ஷெனாலியின் முன் இருக்கை

"கையைக் கொடு தம்பி."

மினிபஸ் படியில் கால் வைத்த எந்தப் பையனும் இதைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஓட்டுநர் பெய்ஷெனாலி அவன் கையைக் குலுக்குகிறார், நலம் விசாரிக்கிறார், பிறகு மீசையைத் தடவுவதுபோல் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோகிறார். எங்கள் ஊரில் ஆண்கள் கைகுலுக்காமல் ஒருவரையொருவர் கடந்துபோவதில்லை. அந்த மரியாதையையே இவர் சோதனைச் சாவடி ஆக்கிவிட்டார்.

ஆகஸ்டில் ஏரிச் சாலை வாய்க்கால் நெடுகக் கஞ்சா ஆள் உயரம் நிற்கும். யாரும் விதைத்ததில்லை. பையன்கள் அதை உள்ளங்கையில் தேய்த்துப் பிசின் எடுப்பார்கள். எந்த சோப்பு போட்டாலும் அந்த வாசனை இரண்டு நாள் போகாது. பெய்ஷெனாலியின் மூக்குக்கு மூன்று நாள். வண்டி ஓட்ட வருமுன் பதினாறு வருஷம் பால் நிலையத்தில் கேன் மூடியைத் திறந்து முகர்ந்தே கெட்டுப்போன பாலைச் சொன்னவர். ஒருவன் கையில் பூண்டு தேய்த்துக்கொண்டு வந்தான்.

"இப்பப் பூண்டும் மணக்குது, அதுவும் மணக்குது. சூப்பு வைக்கவா போறே?"

அகப்பட்டவனை அடிப்பதில்லை. போலீசுக்கும் சொல்வதில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் எப்போதும் அவருடைய வெள்ளைக் கம்பளித் தொப்பிதான் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "உட்காரு" என்பார். கரக்கோல் பட்டணம் போய்த் திரும்பும்வரை அவன் அங்கேதான். வண்டி எட்டு ஊரில் நிற்கும். எட்டு ஊரும் கண்ணாடி வழியாகப் பார்க்கும். சனிக்கிழமை ஊரே கூடி வாய்க்காலில் செடி அறுக்கும்போது அவனும் அரிவாளோடு வந்தாக வேண்டும்.

அந்த அறுப்பும் இவர் ஏற்பாடுதான். முதல் வருஷம் அதில் கோட்டை விட்டார். நாற்பது பேர் வெறுங்கையால் அறுத்தோம். திங்கட்கிழமை இமாம் கை, தலைமையாசிரியர் கை, இவருடைய சொந்தக் கை, எல்லாம் ஒரே மணம். "நானும் அறுக்க வந்தேனே அண்ணே" என்று அசல் ஆசாமிகள் ஒரு வாரம் பல்லைக் காட்டினார்கள். இப்போது பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இல்லாமல் யாரையும் வாய்க்காலில் இறங்க விடுவதில்லை.

உமக்கு ஏன் இந்த வம்பு என்று ஒருமுறை கேட்டேன். கியர் மாற்றிக்கொண்டே சொன்னார்: "பசங்க இதோட நிக்கறதில்ல. பட்டணம் போனா ஊசி. ரெண்டு பேரை இதே வண்டியிலதான் திருப்பிக் கொண்டாந்தேன், படுக்க வச்சு."

போன திங்கட்கிழமை ரொட்டி விற்கும் சுயும்கான் வண்டி நிறைய ஆள் இருக்கும்போது ஆரம்பித்தாள். அவள் மகன் சென்ற மாதம் முன் இருக்கையில் போனவன்.

"ஊரான் பிள்ளை கையெல்லாம் மோந்தாச்சு. வீட்டுப் பக்கம் மட்டும் மூக்கு வேலை செய்யாதோ அண்ணே?"

"என் வீட்டுப் பிள்ளையும் வரட்டுமே. தொப்பி ஒண்ணுதான், ஆளுக்கு ஒண்ணு கிடையாது" என்றார்.

மறுநாள் காலை அவர் மகன் எர்மெக் ஏறினான். பதினேழு வயது, ஒரே பிள்ளை. அப்பா கை நீட்டியதும் அவன் கையை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டினான். கை அழுக்காக இருப்பவன் அப்படிச் செய்வது எங்கள் வழக்கம்தான்.

"சைக்கிள் செயின் மாட்டினேன்ப்பா. கிரீஸ்."

பெய்ஷெனாலி மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பி, விரல்களைப் பிரித்தார். கிரீஸ் இல்லை. பின்னால் சுயும்கான் ரொட்டி மூட்டையை அவிழ்த்த கையோடு நின்றுவிட்டாள். அவர் முகர்ந்து பார்த்தாரா என்றால், இல்லை. வேண்டியிருக்கவில்லை. கையை விடாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த இருக்கையைத் தன் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டார்.