சுருக்கத்தில் விடுபட்ட வரி

நேசமலருக்கு வெள்ளவத்தையில் வீடு, கிராண்ட்பாஸில் வேலை. அங்குள்ள ஒரு களஞ்சியக் கொம்பனியின் தொழிலாளர் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக எழுதுவினைஞர். ஆங்கிலத்தில் வருகிற எதையும் தமிழாக்குவது அவர்தான்.

2019இல் கொம்பனியோடு கூட்டு ஒப்பந்தம் தயாரானபோது சங்கச் செயலாளர், "ரெண்டு பக்கத்துக்குள்ள சுருக்கித் தாங்கோ, வெள்ளிக்கிழமை கூட்டம்" என்றார். நேசமலர் சுருக்கினார். 'வேலை செய்ய முடியாமல் போனால் ஓய்வு வயதுவரை பாதிச் சம்பளம்' என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் அது அரைப் பக்கம். முதல் இரண்டு வருடம், செய்துவந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் போதும். அதற்குப் பிறகு எந்த வேலையுமே செய்ய முடியாதவருக்குத்தான் கொடுப்பனவு. வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது. ஆனால் தாளில் இடமில்லை. எல்லோரும் சம்பள உயர்வைத்தானே பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

ரெனால்ட் கொட்டாஞ்சேனைக்காரர், களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். 2022இல் மேல்தட்டிலிருந்து சரிந்த பெட்டிகள் அவர் முதுகில் விழுந்தன. இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடந்தார். அரைமணித்தியாலத்துக்கு மேல் உட்கார முடியாது. பாதிச் சம்பளம் ஒழுங்காக வந்தது. இரண்டு வருடம் முடிந்த மாதம் நின்றது. இலகுவான வேலை செய்யத் தகுதியானவர் என்று கொம்பனி டாக்டர் எழுதியிருந்தார். அப்படியொரு வேலை கொம்பனியில் இருக்கவில்லை.

ரெனால்ட் அந்தப் பழைய தமிழ்ச் சுருக்கத் தாளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்.

"அக்கா, வேலை செய்ய ஏலாட்டி எண்டுதானே இதுல இருக்கு? இந்தத் தாள் தந்த நேரம் ஒரு இன்சூரன்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு யூனியன் இருக்குன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

நேசமலர் தாளை வாங்கிப் பார்த்தார். "மேன்முறையீடு போடுவம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் ரெனால்டின் தெருவில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த ஸவாஹிர் அவரைக் கூப்பிட்டார். காலையில் இரண்டு மணித்தியாலம் கடையைப் பார்த்துக்கொண்டால் போதும், முதுகு வலித்தால் பின்னறையில் படுக்கலாம். ரெனால்டுக்கு ஆசையாக இருந்தது. நேசமலர்தான் தடுத்தார்.

"இப்ப போகாதேங்கோ. வேலை செய்ய ஏலும் எண்டு கொம்பனிக்காரர் அதையே காட்டுவாங்கள்."

எட்டு மாதம் ரெனால்ட் வீட்டிலேயே கிடந்தார். மேன்முறையீட்டில், ஆங்கிலப் பிரதிதான் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் ஸவாஹிர் வேறு ஆளை எடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேசமலர் கொட்டாஞ்சேனைக்குப் போனார். ரெனால்ட் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும், ரெனால்ட். அந்த வரியை நான்தான் விட்டனான்."

ரெனால்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கடைக்குப் போகவேணாம்னு சொன்னதும் நீங்கதான்."

"ஓம்."

"கொஞ்ச நாளைக்கு எனக்கு போன் எடுக்காதீங்க அக்கா."

அடுத்த ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனையை மாற்றவேண்டும் என்று நேசமலர் செயலாளரிடம் விடாமல் கேட்டார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கொம்பனியில் உண்மையிலேயே இருக்கிற ஒரு வேலையைக் காட்டாமல் கொடுப்பனவை நிறுத்த முடியாது என்றானது. அதுவும் புதிதாகக் காயப்படுகிறவர்களுக்கு மட்டும். தமிழ்ப் பிரதி ஏழு பக்கம் வந்தது. செயலாளர் முகம் சுளித்தார், நேசமலர் ஒரு வரியையும் குறைக்கவில்லை.

ரெனால்டின் மனைவி இப்போது ஒரு பேக்கரியில் வேலை செய்வதாகக் கேள்வி. ரெனால்டின் நம்பர் நேசமலரின் போனில் இருக்கிறது. இன்றுவரை அவருக்குப் போன் எடுக்கவில்லை.