எருமைகள் விழுங்கிய சரணம்

எங்கள் வீட்டில் நாடகம் பார்த்தவர் அப்பா ஒருவர்தான். கேட்டவர்கள் நாங்கள் எல்லோரும்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையைச் சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம், என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அடுப்பங்கரைக்குப் பின்னால் பால்காரரின் எருமைக் கொட்டில் இருந்தது. கொட்டிலைத் தாண்டினால் ஒரு திடல். கப்பலில் வந்திறங்கிய நாடகக் கம்பெனி அந்தத் திடலில்தான் தகரக் கொட்டகை போட்டிருந்தது. கிறிஸ்தவப் பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பெண்கள் என்றுதானே சொன்னார் என்று அப்பா முதல் நாளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தலையணைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தன. அதற்குச் சாமியார் வழி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவின் தங்கையான என் அத்தை எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. கோயிலில் பூசைப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிப்பவள் அவள். பழகிப் பார்க்க வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தாள். நாடகம் தொடங்கியதிலிருந்து சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தைத் துலக்குகிறேன் என்று பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஐந்து பேர் சாப்பிட்ட பாத்திரத்துக்கு இவ்வளவு நேரமா என்று அம்மா கேட்பாள். அத்தைக்கு மிகவும் சுத்தம் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது.

அந்த வாரம் வியாழக்கிழமை தமிழ்ப் பத்திரிகை வந்தது. எதிர்ச்சாரியில் துணிக்கடை வைத்திருந்த மரைக்காயர்தான் அதை வாங்குவார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, வேலை முடிந்து வந்து அதைக் கடை வாசலில் உரக்கப் படிப்பார். கோப்பி குடித்தபடி பத்துப் பதினைந்து பேர் கேட்பார்கள். சாப்பிடக் கூப்பிட வந்தவள் என்ற உரிமையில் நானும் அங்கே நின்றேன்.

அன்று நாடகத்தைப் பற்றிப் பெயர் போடாமல் ஒரு விமரிசனம் வந்திருந்தது. அப்பா உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். போகப் போக அவர் குரல் இறங்கியது. ராணி வேஷம் கட்டுகிற இளைஞனுக்குக் கடவுள் கொடுத்த குரல் அருமையானது, ஆனால் அதை ஐந்து கட்டையில் வைத்து வதைக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. 'மேலே ஏறுவது பெரிதல்ல, ஏறிய இடத்தில் குரல் தங்க வேண்டும். சுருதியை இறக்காவிட்டால் இன்னும் பத்து நாளில் இந்தக் குரல் நமக்கு இருக்காது' என்றது ஒரு வரி. காட்டில் ராணி புலம்பும் பாட்டின் கடைசிச் சரணம் எருமைகள் கத்தியதால் காதில் விழவில்லை என்றும் ஒரு குறை.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. எண் ஏற ஏறச் சுருதி ஏறும். எங்கள் கம்பத்து ரசிகர்களுக்கு ஐந்து கட்டை என்பது சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியது மாதிரி. பாட்டு சாலை வரைக்கும் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி.

"திரையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாருங்க கிராணியாரே" என்றார் மரைக்காயர். "பட்டுத்திரை, மயில் ஆசனம், கியாஸ் வெளக்கு, ஒண்ணுமே காணோமே. இவன் நாடகம் பார்த்தானா, வெளிய நின்னுட்டுப் போனானா?"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் அப்பா. "கொட்டகைக்குள்ள எருமைச் சத்தம் எங்க கேட்டுச்சு? மத்தளத்துல நம்ம பேச்சே நமக்குக் கேக்கல."

எழுதியவன் யார் என்ற ஆராய்ச்சி இருட்டும்வரை நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, கடைசியில் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பத்திரிகைக்குச் சூடாக ஒரு பதில் எழுதுவது என்றும், சனிக்கிழமை எல்லோரும் போய் இன்னும் ஏற்றிப் பாடச் சொல்வது என்றும் முடிவாயிற்று. பதிலை அப்பா வீட்டில் உட்கார்ந்து எழுதினார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் அத்தை அதைப் பார்த்து நகல் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கழுதைக்குக் காது இருக்கிறதா என்று கேட்ட வரியையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினாள்.

சனிக்கிழமை சொன்னபடியே போனார்கள். "ஏத்து, ஏத்து" என்ற கூச்சல் எங்கள் பின்கட்டுக்கே கேட்டது. ராணியின் புலம்பலில் மேலே போன குரல் பாதியில் கிழிந்து நின்றது. அப்புறம் ஆர்மோனியம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஒலித்தது. அத்தை கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ராணி வேஷக்காரன் மரைக்காயர் கடைக்கு வந்தான். வேஷம் இல்லாமல் பார்த்ததில் எனக்கு முதலில் ஏமாற்றம். பதினெட்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்தில் சுற்றிய துண்டு. காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"எழுதினவரைப் பார்க்கணுங்க. எனக்குத் தெரியறதுக்கு முன்னாலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எறக்கணும்னு எழுதினாரு, எவ்வளவு எறக்கணும்னு எழுதல. அவரே ஒரு வார்த்தை சொன்னா மொதலாளி கேப்பாரு. இல்லன்னா அடுத்த கப்பல்ல என்னை ஏத்திவிட்டுருவாரு. வேற ஆளு தயாரா இருக்கான்."

மூன்று நாளாகக் கழுதை என்று திட்டிய ஆளை இப்போது எங்கே போய்த் தேடுவது? எனக்கோ வியாழக்கிழமையிலிருந்தே மூளை அரித்துக்கொண்டிருந்தது. உள்ளே கேட்காத எருமைச் சத்தம் யாருக்குக் கேட்கும்? கொட்டிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான். திரையும் மயிலும் யார் கண்ணில் படாது? அதே ஆளுக்குத்தான். அந்த ஆள் யார் என்பதும் எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"பால்கார மாமா" என்றேன்.

சந்தேகப்பட ஆளில்லாமல் தவித்த கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. எல்லோருமாகக் கொட்டிலுக்குப் போனோம். நான் முன்னால் நடந்தேன். பால்காரர் ஓர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அந்த இளைஞன் சேறு என்றும் பார்க்காமல் அவர் காலைத் தொட்டதும் மனிதர் மிரண்டுபோனார்.

"நான் எங்க எழுதினேன்? எனக்குக் கைநாட்டுதான். ஆனா தம்பி, உண்மையச் சொல்லணும்னா, நீ அங்க உச்சத்துல கத்துறப்ப இதுங்க பாலை அடக்கிக்குதுங்க."

"பெரியவங்க அப்படித்தான் தன்னைக் காட்டிக்க மாட்டாங்க" என்றார் மரைக்காயர் மெதுவாக. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எந்தக் கட்டைன்னு சொல்லுங்க ஐயா" என்று கைகட்டி நின்றான் அவன். பால்காரர் வைக்கோல் பிரஷ்ஷும் கையுமாக விழித்தார். அப்போது எங்கள் வீட்டு அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து ஆர்மோனியச் சத்தம் வந்தது. பாட்டில்லை. ஒரே ஒரு கட்டை. அழுத்திய விரலை எடுக்காமல் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்தது. சாயங்கால ஆராதனைக்கு அத்தை பழகுகிறாள் என்று எனக்கு எரிச்சல். சமய சந்தர்ப்பம் தெரியாத அத்தை.

இளைஞன் தலையைத் திருப்பினான். வாய்க்குள்ளேயே அந்தச் சுருதியில் சேர்ந்து பார்த்தான். பிறகு புலம்பல் பாட்டை மெல்ல எடுத்தான். கரகரப்போடு தொடங்கிய குரல் நாலு அடி போவதற்குள் தெளிந்தது. மேலே போக வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே நின்று, பதறாமல் கீழே வந்தது. கடைசிச் சரணத்தையும் பாடினான். எருமைகள் அசை போட்டன. பாட்டு முடிகிறவரை அந்தக் கட்டை நிற்கவில்லை.

"நாலு கட்டை" என்றான் அவன். "இதானேங்க ஐயா?"

"அதேதான்" என்றார் பால்காரர். வேறு என்ன சொல்வார் பாவம்.

அன்றே அப்பாவும் மரைக்காயரும் முதலாளியிடம் போய், ஏற்றச் சொன்ன நாங்களே இறக்கவும் சொல்கிறோம் என்று பேசி முடித்தார்கள். இளைஞனைக் கப்பலேற்றவில்லை. நாலு கட்டையில் நாடகம் இன்னும் இரண்டு மாதம் நடந்தது. பால்காரருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு மாலையும் போட்டார்கள். அப்பாவின் பதில் மட்டும் கடைசிவரை அச்சாகவில்லை. ஒரே கையெழுத்தில் விமரிசனமும் அதற்குத் திட்டும் வந்தால் பத்திராதிபர்தான் என்ன செய்வார். இது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. கோயில் பாட்டுக்குழுவில் நான் சேர்ந்தபோது, ஏறிய இடத்தில் குரல் தங்க வேண்டும் என்று அத்தை என்னைத் திருத்தினாள். பத்திரிகையில் வந்ததை எப்படி மனப்பாடமாக வைத்திருக்கிறாள் என்று அப்போதும் வியக்கத்தான் செய்தேன். நாடகம் தொடங்கிய மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் அத்தை கொடுத்த உறையைத் தபால் பெட்டியில் போட்டவளே நான்தான். ஆளைக் கண்டுபிடித்தவள் என்று கம்பமெங்கும் பெயர் வாங்கியவளும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டிலிலிருந்து நேரே அடுப்பங்கரைக்கு ஓடினேன். அத்தை பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நீங்க வந்து பார்த்திருக்கணும். பால்கார மாமாதான் எழுதினவரு, நான்தான் கண்டுபிடிச்சேன். அவரு கட்டைய சொல்ல வந்தாரு, அதுக்குள்ள நீங்க பெட்டிய அமுக்கிக் கெடுத்துட்டீங்க."

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "பாடினது கேட்டுச்சு" என்றாள். பெட்டியை மூடிவிட்டு, "பாடும்போது அந்தப் பிள்ளையோட முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எனக்கு வெளியே ஓட வேண்டும். பால்காரரைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

"எப்பவும் போலதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி பாடினான். அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.