ஏழாவது கேள்விக்கு இரண்டு விடை

2006 பெப்ரவரி 10, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.20. ஒஸ்லோவில் சைபருக்குக் கீழே பதினொரு பாகை. பனி கொட்டி நின்று இருபது நிமிடம். இப்படி எதையும் எண்ணிக்கொண்டே இருப்பதால் இன்று முப்பத்தாறு வயதிலேயே என் பிள்ளைகளுக்கு நான் கிழவன்.

அன்று பள்ளியில் வகுப்பு முடிந்ததும் கணித ஆசிரியை இரண்டு பேரை மறித்தார்: என்னையும், என்னைவிட மூன்று மாதம் மூத்தவளான மாமாவின் மகளையும். எனக்கு மச்சாள். மேசையில் எங்கள் சோதனைத் தாள்கள். ஏழாவது கேள்வியில் x-இன் சுட்டி மூன்றில் இரண்டு; அப்படி வரும் பெறுமானம் நான்குக்குச் சமன்; x என்ன? விடை கண்டவர்கள் எல்லாரும் எட்டு என்று நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் மட்டும் எட்டு, மறை எட்டு (−8) என்று இரண்டு எழுதியிருந்தோம். முதலில் வர்க்கமூலம், பிறகு கனம். செய்த வழியும் வரிக்கு வரி ஒன்று.

"இந்தப் பிழையை நான் படிப்பிக்கவில்லை. யார் யாரைப் பார்த்து எழுதியது? சொல்லாவிட்டால் இருவருக்கும் சைபர்" என்றார் ஆசிரியை.

ஒருவரும் பார்க்கவில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் ஒரு நிலவறையில் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு ரியூஷன். அந்த வழி அங்கே படித்தது. ஆனால் பள்ளியில் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. "பிள்ளையளைப் படிப்பாலை வதைக்கினம் எண்டு சிறுவர் பாதுகாப்பு ஒஃபீஸ்காரர் வீட்டை வந்து நிப்பினம்" என்பார் அம்மா.

மச்சாள் தமிழில் முணுமுணுத்தாள். "டேய், ரியூஷனைச் சொல்லிப்போடுவம்."

"உனக்கென்ன விசரோ? அம்மா கொன்றுபோடுவா."

"அப்ப சைபரைக் கொண்டுபோய்க் குடு. தேத்தண்ணி ஊத்தித் தருவா."

ஆசிரியை பேனாவைத் திறந்தார். நாற்பதுக்கு முப்பத்தெட்டு எடுத்திருந்தேன், அது போகப்போகிறது. பொய்யில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து நோர்வேஜிய மொழியில் சொன்னேன்:

"அவள் எனக்கு நேர் பின்னால் இருக்கிறாள்."

பேனா அவளுடைய தாளுக்குப் போனது. மச்சாள் வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றே நினைத்தேன். ரியூஷனைச் சொல்லாமல் அவள் காத்தது என் வீட்டையும் சேர்த்து என்பது அன்று விளங்கவில்லை. மறை எட்டும் பிழையில்லை, பின்னச் சுட்டிக்கு அந்தப் பள்ளிப் புத்தகம் மறை எண்களை எடுப்பதில்லை, அவ்வளவுதான் என்பதும் விளங்கவில்லை.

அந்தக் கேள்வியில் எனக்குப் போனது ஒரு புள்ளிதான். அவளுக்கு முழுத் தாளும். படிக்கவென்று அவள் வடக்கே துரொண்ட்ஹைம் நகருக்கு ரயில் ஏறி, என்னிடம் "போட்டு வாறன்" என்று சொன்ன நாள்வரை, என்னோடு கதைக்காதது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு நாள்.