ஹெண்டர்சனில் கேட்ட தீவுப் பேச்சு

சனிக்கிழமை, பிற்பகல் 1.40. மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் நானும் செல்வமும் மேற்கே போகும் ரயிலில் ஏறினோம். ஹெண்டர்சனுக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர். பயண அட்டையில் நான்கு டொலர் சொச்சம் கழிந்தது. நாங்கள் விரி என்ற புறநகரில் ஒரே களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவர்கள். எங்கள் மேற்பார்வையாளர் மரியானா இன்று தன் கதையை வாசிக்கிறார். தெரியாத ஆட்கள் கூடும் இடமென்றால் சாக்குச் சொல்லி நழுவுகிற நான், அரைமணி முன்னதாகவே நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

"அண்ணே, அவங்க பேசுறது ஒரு வார்த்தையாச்சும் நமக்குப் புரியுமா?" என்றான் மதுரைக்காரனான செல்வம்.

"நீர் கதைக்கிறதே எனக்குப் பாதிதான் விளங்குது தம்பி. அதுக்காக உம்மோட வராமல் விட்டனானே?"

மரியானா குரோவேஷியாவின் சிறு தீவொன்றில் பிறந்தவர். பள்ளியில் படித்தது நாட்டின் பொதுமொழி. வீட்டிலும் படகுத்துறையிலும் பேசியது சாகவ்ஸ்கி என்ற கடலோர வழக்கு. அந்த வழக்கில் இன்றும் கவிதையும் கதையும் அச்சாகின்றனவாம். இவரும் அதிலேயே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். தலைநகரப் பதிப்பாளர் ஒருவருக்குக் கதை பிடித்துவிட்டது. ஆனால் பொதுமொழிக்கு மாற்றித் தந்தால்தான் போடுவாராம். இன்றைக்குள் பதில் சொல்லவேண்டும். மரியானா முதல் அத்தியாயத்தை இரண்டு விதமாகவும் கொண்டுவந்திருந்தார்.

2.15. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் குரோவேஷியா நாட்டவர் கூடும் மண்டபம். பொரித்த மீன் ஒரு தட்டு பன்னிரண்டு டொலர். ஐம்பது பேர் இருப்பார்கள். பின்னால் நான்கு ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். ஒவ்வொரு சீட்டையும் மேசையில் அறைந்து போட்டார்கள்.

"பாதிரியார் பேசினாலும் நிறுத்தமாட்டார்கள்" என்றார் மரியானா.

2.40. முதலில் பொதுமொழியில் வாசித்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பின்னால் டப், டப். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தத் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு தீவுப் பேச்சில் எழுதிய மற்றத் தாள்கட்டை எடுத்தார்.

அதே கதைதான்: கடலில் விழுந்த கழுதையை ஊரே இழுக்கிறது. ஆனால் இப்போது குரல் தாழ்ந்தது, கைகளும் பேசின. மூன்றாவது வரியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். சற்று நேரத்தில் பின்னால் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நால்வரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஏதோ கத்தினார். மரியானா தலை நிமிராமலே பதில் சொல்ல, மண்டபம் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில் விளக்கினார். எங்கள் ஊரில் கழுதையை அப்படித் திட்டமாட்டோம் என்றாராம் அந்தச் சீட்டாட்டக்காரர். உங்கள் ஊர்க் கழுதைக்கு நீங்கள் புத்தகம் எழுதுங்கள் என்றாராம் மரியானா.

"நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்கண்ணே" என்றான் செல்வம்.

3.30. கழுதை கரையேறுமுன் வாசிப்பு முடிந்துவிட்டது. மீன் வரிசையில் மரியானா என்னிடம் வந்தார்.

"இரண்டையும் கேட்டீர்கள். எதை அனுப்பட்டும்?"

இரண்டுமே விளங்காத என்னிடமா? "இரண்டாவதை. முதலாவதற்கு அவர்கள் விளையாட்டை நிறுத்தவில்லை" என்றேன்.

அங்கேயே போனை எடுத்து, மாற்றமாட்டேன் என்று பதிப்பாளருக்கு எழுதி அனுப்பினார்.

"அவர் வேண்டாம் என்றால்?"

"வேறு ஆளைத் தேடுவேன். கிடைக்காவிட்டால் இந்த நாலு பேருக்கும் நானே பிரதி எடுத்துக் கொடுப்பேன்."

4.20. திரும்பும் ரயில். எங்கள் விழாக்களில் மேடையேறுகிறவர் வீட்டில் கதைக்கிற தமிழைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டே ஏறுகிறார். நான் எழுதினாலும் அப்படித்தான். இந்தக் கட்டுரையும் அப்படித்தான். நியூ லின் நிலையம் தாண்டும்போது இதைச் செல்வத்திடம் சொன்னேன்.

"அப்ப நீங்களும் பேசுற மாதிரியே எழுதுங்கண்ணே."

"எழுதினால் ஆர் வாசிக்கிறது?"

"நான் வாசிக்கிறேன். புரியலன்னா போன் போடுறேன்."