கூலரைத் திறந்து பார்த்தவர்

லென்ஸ்காரர் பட்டறை என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்கு வழி தெரியும். அவர் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். புது பேரிங்கை அதை வைத்துப் பார்ப்பார். டீக்கடையில் கொடுக்கும் டம்ளரையும் அதை வைத்துத்தான் பார்ப்பார். டீசல் இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பதில் மனிதர் கெட்டிக்காரர். ஆளை நம்புவதில் மட்டும் மகா கஞ்சன். "உங்க நிழல் பின்னாடி வந்தாக்கூட யாருன்னு கேப்பீங்க" என்பாள் மனைவி. அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வராது. பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

பட்டறையில் அவருக்குச் சரிபாதியாக நிற்பவன் மனைவியின் தம்பி. அதிகம் பேசமாட்டான், ஆனால் கை சுத்தம். அந்த மச்சானுக்கு இப்போது ஒரு நல்ல காலம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. வழக்கமாக வரும் பஸ் ஓனர், பேரிங் உடைந்து நின்றுபோன ஒரு இன்ஜினைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "இத நல்லபடியா ஓட வெச்சுக் குடு. அப்புறம் என் ஷெட்டு முழுக்க உன் பொறுப்புதான்" என்று அவனிடம் சொல்லியிருந்தார். மச்சான் இதை அன்றைக்கே மாமாவிடம் சொல்லிவிட்டான். ஆனால் லென்ஸ்காரருக்கு அதுவே உறுத்தியது. இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறானே, சொல்லாமல் விட்டது எவ்வளவோ என்று யோசித்தார்.

பேரிங் உடைந்த இன்ஜினில் ஒரு தொல்லை உண்டு. உடைந்த உலோகத் தூள் ஆயிலோடு ஓடி எங்கெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். அதிகம் சேருவது ஆயில் கூலரில்தான். அடுக்கடுக்கான தகடுகளுக்குள் ஆயில் ஓட, வெளியே தண்ணீர் ஓடி அதன் சூட்டைக் குறைக்கும். அந்தத் தகடுகளுக்குள் புகுந்த தூள் எத்தனை தடவை கழுவினாலும் முழுசாக வராது. பழைய கூலரையே மாட்டினால் புது பேரிங்கும் அரைபட்டுப் போகும். அதனால் புது கூலர் வாங்க மச்சானே போனான்.

வந்த கூலர் பழைய பேப்பரில் சுற்றியிருந்தது.

"பெட்டி எங்கடா?"

"கடையிலயே கிழிஞ்சு போயிருந்துச்சு மாமா."

"அப்போ பழசு?"

"பழைய இரும்புக்காரர் வந்தாரு, போட்டுட்டேன்."

லென்ஸ்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டாலே வில்லங்கம். புதுசுக்குப் பெட்டி இல்லை, பழசு கண்ணிலேயே இல்லை. கழுவி, பெயின்ட் அடித்து, பழசையே புதுசாக்கிவிட்டானா? இன்ஜின் இப்போதைக்கு ஓடினால் போதும், ஷெட்டு கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பானோ?

கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கழற்றிய எந்தச் சாமானின் அடியிலும் அரத்தால் ஒரு கீறல் போட்டுவைப்பது அவர் பழக்கம். யாரும் மாற்றி எடுத்துப்போய்விடக் கூடாதே என்றுதான். பழைய கூலரிலும் போட்டிருந்தார். மச்சான் அதற்குள் கூலரை, ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் புது ரப்பர் ரிங்குகளோடு மாட்டி, மூடியை முறுக்கிவிட்டு, ஆயில் வாங்கக் கிளம்பினான். அவன் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லென்ஸ்காரர் ஸ்பேனரை எடுத்தார்.

மூடியைக் கழற்றி, கூலரை வெளியே எடுத்து, கண்ணாடி வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. தகடுகளுக்குள் புதுச் சாமானின் வாசனைதான் வந்தது. அசல் புதுசு. அவருக்குச் சீ என்று ஆகிவிட்டது, தன் மேலேயே.

ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அவன் திரும்பி வருவதற்குள் மூட வேண்டும். ஒருமுறை நசுங்கிய ரிங்கைத் திரும்பப் போடக் கூடாது என்பது பட்டறையில் பெருக்குகிறவருக்கும் தெரியும். வேறு ரிங் அலமாரியில் இருந்தது. சாவி மச்சானிடம். கேட்டால் எதற்கு என்பான். லென்ஸ்காரர் அதே ரிங்குகளைத் துடைத்து, அதே இடத்தில் உட்காரவைத்து, மூடியை முறுக்கினார். அப்படியொரு வேலையை அவர் கை அதற்குமுன் செய்ததில்லை.

மறுநாள் ஓனர் முன்னாலேயே இன்ஜினை ஓட்டினார்கள். சத்தம் அருமையாக இருந்தது. நன்றாகச் சூடேற விட்டு, அணைத்து, ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது.

"கூலரு மாட்டினது யாரு?" என்றார் ஓனர்.

"நான்தான்" என்றான் மச்சான்.

"ஒரு ரிங்கு ஒழுங்கா மாட்டத் தெரியல, உன்ன நம்பி ஷெட்டக் குடுக்கணுமா?"

லென்ஸ்காரர் வாயைத் திறந்தார். பிறகு குனிந்து ஸ்பேனர்களை அடுக்க ஆரம்பித்தார். ஓனர் விறுவிறுவென்று வெளியே போய் வண்டி ஏறிவிட்டார்.

மச்சான் கூலரைக் கழற்றினான். ரிங்கை விரலில் மாட்டி வெளிச்சத்தில் திருப்பினான்.

"ரெண்டு தடம் இருக்கு மாமா. ஒரு தடவ அழுத்தினா ஒரு தடம்தான் விழும்."

"திறந்து பாத்தேன்டா."

"தெரியும். நான் மாட்டினா ஒழுகாது. ஓனரு இருக்கும்போதே சொல்லுவீங்கன்னு நின்னேன்."

லென்ஸ்காரர் உடனே ஓனருக்குப் போன் போட்டு, மச்சான் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, தப்பு என் மேலதான். அவன் சரியாத்தான் மாட்டினான். நான்தான் கழட்டிப் பாத்துட்டு நசுங்குன ரிங்கையே போட்டு மூடிட்டேன்."

ஓனர் சிரித்தார். "லென்ஸ்காரரே, உங்க கை எனக்குத் தெரியாதா? நசுங்குன ரிங்க நீங்க போடுவீங்களா? பொண்டாட்டியோட தம்பின்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்க."

"சத்தியமா நான்தான்."

"சரி சரி, விடுங்க. அவன் கை படாம நீங்களே மாட்டிக் குடுங்க. ஷெட்டுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

போன் அணைந்தது.

"நம்ப மாட்டேங்கறாருடா" என்றார் லென்ஸ்காரர்.

"எப்படி நம்புவாரு? நான் முடிச்ச வேலைய நீங்க ஒரு தடவ பாத்த பிறகுதான் வண்டி வெளிய போகும்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னது யாரு?"

மச்சான் அலமாரியைத் திறந்து புது ரிங் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தான். சாவியையும் அதன்மேல் வைத்துவிட்டு, கை கழுவப் போனான்.