குழாய்த் தண்ணீரில் ஓடிய கார்

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஒருநாள் என் காரின் வயிற்றுக்குக் கீழே ஒரு காட்போட் மட்டை விரிக்கப்பட்டிருந்தது. கட்டடப் பராமரிப்பாளர் வைத்தது. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம்: “உங்கள் வாகனம் சொட்டுகிறது. அன்பான வணக்கங்கள்.” சுவிஸ் நாட்டு ஊஸ்டருக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் இந்த அன்பான வணக்கங்கள் எனக்குப் பழகவில்லை. திட்டுவதென்றால் வாய்விட்டுத் திட்டட்டுமே! சோறு போட்டுச் சாப்பிடலாம் என்கிற மாதிரித் துடைத்து வைத்த தரையில் என் கார் மட்டும்தான் இளஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

குளிர்கால ரயர் மாற்றப் போனபோதே கராஜ்காரர் சொல்லியிருந்தார். வாட்டர் பம்ப் கசிகிறது, அதன் அச்சும் ஆடுகிறது, பெல்ட்டோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும், நாள் குறிக்கட்டுமா என்று கேட்டார். ரயருக்குப் போனவனிடம் எஞ்சினைக் கழற்றக் கேட்கிறானே என்று எனக்கு எரிச்சல். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு நாளுக்கொருமுறை ஒரு போத்தல் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓடினேன்.

எனக்குத் தெரியாத பம்பா? பெற்றோல் இல்லாத காலத்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஹயர் கார் ஓட்டியவன் நான். பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். ரேடியேட்டர் ஓட்டையைச் சவர்க்காரம் வைத்து அடைத்துக்கொண்டு பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் ஓடினேன். ஆவி பறந்தால் கண்ணில் படும் வீட்டுப் படலையைத் தட்டுவேன். யார் எவர் என்று கேட்காமல் கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தருவார்கள். தண்ணீர் உறையாத ஊரில் அந்த வித்தை போதுமாக இருந்தது. அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ததுதான் என் கெட்டித்தனம்.

ஊற்ற ஊற்ற மட்டையில் சிவப்பு வெளிறியது. ஒரு கட்டத்தில் நிறமே இல்லை. கசிவு குறைகிறது என்று மனைவியிடம் பெருமையடித்தேன். மகள் அபிதான் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, நிறம் போனால் வருத்தம் மாறீட்டுது எண்டு அர்த்தமில்லை. எஞ்சினைக் குளிராக்கிற சிவப்புக் கூலன்ட் முழுக்கப் போய் இப்ப வெறுந்தண்ணிதான் ஓடுது. பனி வந்து அது உறைஞ்சால் என்ன செய்வியள்?”

“நீ பிறக்க முதலே கார் ஓடினவன் நான்.”

அபி மலைமேல் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புத் தொழில் பயின்றுகொண்டிருந்தாள். போன நவம்பரில் அவளுடைய கடைசிச் செய்முறைப் பரீட்சை, காலை ஏழு மணிக்கு. தகுந்த காரணமில்லாமல் பிந்தினால் அடுத்த வருடம்தான். அவள் முதல் பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். “வீட்டிலை கார் நிக்கேக்கை என்னத்துக்குப் பஸ்? அப்பா கொண்டுபோய் விடுறன்” என்று மறித்தவன் நான்தான்.

பரீட்சையன்று பாதி ஏற்றத்தில் பம்ப் கீச்சிட்டது. சூட்டு முள் சிவப்புக்குப் போனது. பொனெற்றிலிருந்து ஆவி கிளம்ப, ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் நிறுத்தினேன். கைகள் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டன. போத்தலைத் தூக்கிக்கொண்டு தொழுவத்தில் நின்ற கமக்காரரிடம் ஓடி, “வாசர், பிட்டே” என்று தண்ணீர் கேட்டேன்.

“நை! கைஸ் வாசர்!” என்று கத்தியபடி அவர் எனக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றார்.

தண்ணீர் இல்லை என்கிறான் என்று எனக்குத் தலைக்கேறியது. “குடிக்கிற தண்ணி கூடத் தரமாட்டானோ? என்ன சனங்களடா இதுகள்!”

“அப்பா, கத்தாதேங்கோ! தரமாட்டன் எண்டு அவர் சொல்லேல்லை. கொதிக்கிற எஞ்சினுக்குள்ளை பச்சைத்தண்ணி ஊத்தினால் வெடிச்சுப்போகும் எண்டுறார்.” அபி கைபேசியில் நேரத்தைக் காட்டினாள். “மணி ஏழாகப் போகுது.”

சூடு சற்று அடங்கியதும் அவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியை மெல்லத் திறந்தார். உள்ளே தேயிலைச் சாயம் போலத் துருத் தண்ணீர். என்னை ஒருமுறை பார்த்தார். அபியிடம் அவர்களுடைய மொழியில் ஏதோ கேட்டார், அவளைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருடப் படிப்பை ஒரு போத்தல் தண்ணீரில் கரைத்துவிட்டேனோ என்று அந்த முற்றத்தில் நின்று என்னையே தூஷணத்தால் திட்டினேன்.

கார் இழுவை வண்டியில் போனபின் மலையடிவாரத்துப் பஸ் தரிப்பில் நின்றேன். பதினொரு மணியளவில் அபியின் அழைப்பு வந்தது.

“செய்திட்டன் அப்பா. முடிவு பிறகுதான் தெரியும்.”

“பிந்தினதுக்கு என்னவும் கேட்டவையோ?”

“ஓம். இருவது நிமிசம் பிந்தினது. கேட்டவைதான்.”

“என்ன சொன்னனீ?”

“பஸ் பிந்தீட்டுது எண்டு சொன்னன்.”

ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற பிள்ளை அவள். நான் சிவப்பில் கடந்தால் அந்தப் பக்கமிருந்து முறைப்பாள். அப்படிப்பட்டவள் என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பஸ்மேல் பழியைப் போட்டுத் தான் பிறந்த நாட்டைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். “சரி, வையம்மா” என்றேன்.

அட்டவணையில் போட்டிருந்த நிமிடத்துக்குப் பஸ் வந்து நின்றது. கதவு திறந்து, “க்ரூயட்ஸி” என்று வணக்கம் சொன்னார் ஓட்டுநர். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.